யாரும் குறை சொல்லாத வீடு

சுவரிலிருந்து வரும் இணைய ஒயரை அவள் பிடுங்கினாள். செருப்பு அலமாரியின் மேல் உட்கார்ந்திருந்த வெள்ளை ரூட்டர் பெட்டியில் பச்சை விளக்கு அணைந்து ஆரஞ்சு விளக்கு எரிந்தது. இடுப்பில் கை வைத்துச் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒயரைத் திரும்பச் செருகினாள். பெட்டி திணறித் திணறி மூச்சு வாங்கி, மறுபடி பச்சைக்கு வந்தது. "சமர்த்து" என்று அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். உண்மையில் இந்தச் சோதனைக்கு இன்று அவசியமே இல்லை. காலையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. பரீட்சையில் தேறிய பிள்ளையை நாலு பேர் முன்னால் இன்னொரு தரம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்கிற ஆசைதான்.

வேலை பார்த்த கம்பெனி கதவைச் சாத்தியதிலிருந்து அவளுக்கு இந்தப் பெட்டிதான் பொழுது. விற்பவர்கள் ரூட்டருக்குள் போட்டுத் தரும் மென்பொருளைத் தூக்கிக் கடாசிவிட்டு, அந்த இடத்தில் தாங்களே ஒன்றை எழுதி வைக்கிற கூட்டம் ஒன்று இருந்தது. ஆளுக்கொரு ஊர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. எழுதியதை ஒளித்துவைக்கிற பழக்கமும் கிடையாது; யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திட்டலாம். அந்தக் கூட்டத்தில் அவள் சோதனைக்காரி. எழுதுகிறவர்கள் எழுதட்டும், நான் உடைத்துக் காட்டுகிறேன் என்கிற ஜாதி. தன்னம்பிக்கைக்கு அவளிடம் என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. "என் வீட்ல ஓடிட்டா எங்கயும் ஓடும்" என்று கணவனிடம் அடிக்கடி சொல்லுவாள். அவனும் ஆமாம் போடுவான்.

இந்தத் தடவை அது வெறும் பெருமை இல்லை. இணையத்தின் பழைய முகவரி முறையை அடியோடு நிறுத்திவிட்டு, புது முறையில் மட்டுமே வீட்டை ஓட்டுகிற பதிப்பு இது. அதில் அவள் வீட்டு இணைப்பு ஒரு தனிப்பிறவி. லைன் ஒரு தரம் விட்டுப்போய்த் திரும்பி வந்தால், வீட்டுக்கே புது முகவரி கொடுத்துவிடும். கூட்டத்தில் வேறு யாருக்கும் அப்படிப்பட்ட லைன் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட லைன் உள்ள வீடுகள் உலகத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தன. அதனால் வெளியீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆள், படத்தில் தாடி மட்டுமே தெரிவதால் எல்லோரும் அவரைத் 'தாடி' என்றே சொல்வார்கள், அவளிடம் சொல்லியிருந்தார்: நீ சரி என்றால் வெளியிடுகிறேன், இல்லையென்றால் இல்லை. காலையில் அவள் எழுதினாள்: மூன்று வாரமாக வீடு முழுக்க இதில்தான் ஓடுகிறது, ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லை, வெளியிடலாம். மாலையில் வெளியீடு என்று பதில் வந்தது. தன் சொல்லுக்கு இவ்வளவு எடை இருந்து ரொம்ப நாளாகிவிட்டது என்று அப்போது தோன்றியது. சந்தோஷமாக இருந்தது.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போகிற வழியில் அத்தையின் அறை. அத்தை என்றால் மாமியார். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டிலில் சாய்ந்து, வெளிநாட்டில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். திறந்திருந்த கதவு வழியே அவள் பார்த்தாள். திரையில் நாத்தனாரின் முகம் வாயைப் பிளந்தபடி உறைந்து நின்றிருந்தது. அத்தை பதறவில்லை, அலுத்துக்கொள்ளவில்லை. கட்டை விரலால் திரையை மேலிருந்து இழுத்தார், எதையோ தட்டினார், கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டார், மறுபடி தட்டினார். முகம் உயிர் பெற்றுப் பேசத் தொடங்கியது. எல்லாம் பல் தேய்க்கிற மாதிரி, கை தானாகச் செய்தது. அந்தப் பழக்கம்தான் அவளை அறைக்குள் இழுத்தது.

"அத்தை, இப்ப என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. பேசிட்டிருக்கேன்."

"இல்ல, என்னமோ இழுத்துத் தட்டினீங்களே."

"அதுவா? நின்னு போச்சுன்னா அந்த வைஃபையை ஒரு தடவ அணைச்சுப் போட்டா வந்துடுது. எப்பவும் பண்றதுதானே?"

"எப்பவுமா?"

"அண்ணி, அம்மா இதுல கை தேர்ந்துட்டாங்க. நான் ஒரு வாய் காப்பி குடிக்கறதுக்குள்ள திரும்பி வந்துடறாங்க" என்று திரையிலிருந்து நாத்தனார் சிரித்தாள்.

"ஏன் அத்தை என்கிட்ட சொல்லல?"

அத்தை அவளை ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "நீயே பாவம், பொழுதுக்கும் அதோட மல்லுக்கட்டிட்டிருக்க. நடுவுல நான் வேற வந்து நின்னு போச்சு, நின்னு போச்சுன்னா உனக்கு எப்படி இருக்கும்? டாக்டர் தையல் போடறப்ப பக்கத்துல நின்னு தொணதொணன்னா, அவருக்குக் கை ஓடுமா?"

அந்த நேரம் பார்த்துக் கணவன் மதியச் சாப்பாட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினான். மூக்குக்கண்ணாடிக் கடை அவனுக்கு. அவள் கையை நீட்டினாள்.

"உங்க போனைக் கொடுங்க."

"ஏன், எனக்கு எப்பவும் நல்லாத்தானே வருது?"

போனை வாங்கிப் பார்த்தாள். வைஃபை அணைந்திருந்தது. மொபைல் டேட்டா ஓடிக்கொண்டிருந்தது.

"வீட்ல வைஃபையே போடறதில்லையா நீங்க?"

"முதல் வாரம் போட்டேன். அப்பப்ப அப்படியே நின்னுது. சரி, எதுக்கு வம்புன்னு..." அவன் தலையைச் சொறிந்தான். "நீ கேட்டப்ப நல்லா வருதுன்னுதானே சொன்னேன்? நல்லாத்தான் வந்துது. பொய் சொல்லல."

"ஏங்க, உங்க கடைக்கு வர்றவர் எழுத்தே தெரியாம, நல்லாத் தெரியுது சார்னு தலையாட்டினா விட்டுடுவீங்களா?"

"அதெப்படி விடுவேன்? வரிசையா படிச்சுக் காட்டச் சொல்..." பாதியில் நிறுத்திக்கொண்டான். சாப்பாட்டு மேசை முன் போய் உட்கார்ந்தான்.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அத்தை மேல், அவன் மேல், கடைசியில் தன் மேல் வந்து நின்றது. ஒயரைப் பிடுங்கிச் செருகுகிற ஒவ்வொரு தடவையும் அவள் தன் கணினியை அணைத்து, புதிதாகத் தொடங்கி, அதன் பிறகுதான் அளப்பாள். சோதனை சுத்தமாக இருக்க வேண்டும் என்கிற பிடிவாதம். அத்தை கட்டை விரலால் செய்ததையேதான் அவளும் செய்துகொண்டிருந்திருக்கிறாள், கொஞ்சம் படாடோபமாக. மூன்று வாரமாக வீட்டில் மூன்று பேரும் கோளாறின் மேல் படாமல் சுற்றிப் போயிருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு அவள் உலகத்துக்கே நற்சான்று எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

தன் கணினி முன் உட்கார்ந்தாள். சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது. வெளியான பிறகு எங்கோ ஒரு வீட்டிலிருந்து முறையீடு வரும், அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம். ஆனால் எங்கோ ஒரு வீட்டில் அத்தை மாதிரி ஒருவர் இருந்தால் முறையீடே வராது. விரலால் தட்டிக்கொண்டு காலத்தை ஓட்டிவிடுவார். அதை நினைத்ததும் அவள் விரல்களுக்கு வேகம் வந்தது. காலையில் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், வெளியிட வேண்டாம் என்று அடித்து அனுப்பினாள். அனுப்பியபோது காது சூடாக இருந்தது.

என்ன ஆச்சு என்று கேட்டார் தாடி.

என் வீட்டில் எல்லோரும் நல்லவர்கள், அதுதான் பிரச்சினை என்று எழுதினாள். அப்புறம் நடந்ததைச் சொன்னாள். பிறகு, நிறுத்திவிட்டேன், எனக்கு ஆதாரம் வேண்டும், இந்த முறை யாரையும் நல்லவராக இருக்க விடாதே என்று வந்தது.

சாப்பாட்டு மேசையைத் துடைத்துப் போன்களை வரிசையாக வைத்தாள். மொபைல் டேட்டாவை அணைத்து வைஃபையைப் போட்டாள். அத்தையின் போனில் நாத்தனார் இருந்தாள். வேடிக்கை பார்க்கக் கிடைத்த வாய்ப்பை விடுவாளா! யாரும் எதையும் தொடக் கூடாது, தெரிவதை அப்படியே சொல்ல வேண்டும் என்று கட்டளை போட்டுவிட்டுப் போய் ஒயரைப் பிடுங்கினாள், செருகினாள். விளக்கு பச்சையானது. திரைகள் உறைந்தே கிடந்தன.

"வரல" என்றார் அத்தை, கோயிலில் பேசுவது போல.

"சத்தமா சொல்லுங்க அத்தை."

"வரலம்மா! எங்க வருது? நேத்தும் வரல, முந்தாநேத்தும் வரல. நியூஸ் பாதியில நிக்குது. அன்னிக்குத் தோசைக்குக் கல்லைப் போட்டுட்டுப் பாட்டு வச்சேன், அதுவும் நின்னுது!"

"எனக்கும் வரல. ரொம்ப மோசம்" என்றான் கணவன் உற்சாகமாக. அவனும் தன் பங்குக்கு அடுக்கினான். மூன்று வாரத்துக் குறைகள் அந்த மேசைமேல் கொட்டின. அவள் ஒன்று விடாமல் அடித்து அனுப்பினாள், போன்கள் எந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன என்பதோடு சேர்த்து. திட்டு வாங்குவது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

காரணம் பிடிபட அதிக நேரம் ஆகவில்லை. லைன் திரும்பி வந்ததும் பெட்டி புது முகவரியை வாங்கிக்கொள்கிறது. ஆனால் பழையது செல்லாது என்று வீட்டிலிருக்கும் போன்களிடம் சொல்ல மறந்துவிடுகிறது. குடிமாறிப் போனவர்கள் பழைய கதவு எண்ணையே கொடுத்துவிட்டுத் தபாலுக்குக் காத்திருக்கிற கதை. தாடி திருத்தத்தை எழுத, அவள் படித்து இரண்டு இடத்தில் சண்டை போட, அவர் மறுபடி எழுத, வெளியே தெருவிளக்கு எரியத் தொடங்கியபோது புதுப் பதிப்பு வந்து சேர்ந்தது. பெட்டிக்குள் ஏற்றினாள். இது ஓடும் என்று உள்மனம் சொன்னது. அது சொன்னதைக் காலையிலும் கேட்டிருந்தாள் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

மறுபடி மேசை, மறுபடி போன்கள். கடையில் வேலையிருக்கிறது என்று சொன்ன கணவன் கடைக்குப் போகவே இல்லை. நாத்தனார் அந்தப் பக்கம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். "கை வைக்கக் கூடாது அத்தை" என்றாள் அவள். அத்தை இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

அவள் ஒயரைப் பிடுங்கினாள். செருகினாள். ஆரஞ்சு, பிறகு பச்சை. ஓடி வந்து மேசையருகே நின்றாள். திரையில் நாத்தனார் ஒரு சொல்லின் நடுவில், உதடுகள் பாதி பிரிந்து, ஒரு கையை உயர்த்தியபடி நின்றிருந்தாள். கணவன் குனிந்தான். அத்தையின் தோள்கள் துடித்தன, ஆனால் கைகள் வெளியே வரவில்லை. உயர்த்திய அந்தக் கையையே மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.