கதவிடுக்கில் ஒரு செங்கல்

எங்கள் கம்பெனிக்கு ஃபேன் வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "இருக்கறதுலயே பெரிசா ஒண்ணு குடுங்க." எவ்வளவு காற்று போக வேண்டும், எந்தக் குழாய் வழியாகப் போக வேண்டும், வழியில் என்ன தடை என்று நான் கேட்க ஆரம்பித்தால், ஏதோ வீட்டு ரகசியத்தைக் கிளறியது போல முகம் சுளிப்பார்கள். இடத்துக்கு ஏற்ற ஃபேனைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது என் வேலை. அதில் நான் ஒரே ஒரு வாடிக்கையாளரிடம்தான் தோற்றிருக்கிறேன். அவர் என் அண்ணன்.

அண்ணன் மரப் பட்டறை வைத்திருக்கிறார். அலமாரிக் கதவு, மேஜை, கட்டில். பட்டறையின் கடைசியில் பாலிஷ் அடிக்கும் அறை, ஜன்னல் கிடையாது. முன்பு அங்கே சுவரில் ஓர் ஆக்சியல் ஃபேன் இருந்தது. வீட்டில் சுற்றுமே, அதே போல இறக்கை வைத்தது. பாலிஷில் கலக்கும் தின்னரின் வாடை வருகிறது என்று பக்கத்துக் கட்டடத்துக்காரர் சண்டைக்கு வந்ததால், வாடையைக் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே ஏற்ற வேண்டியதாயிற்று. ஆக்சியலுக்கு அது ஆகாத காரியம். அது சாதுவான பிராணி, எதிரே தடை வந்தால் எனக்கெதுக்கு வம்பு என்று ஒதுங்கிவிடும். நத்தைக்கூடு மாதிரிப் பெட்டிக்குள் சக்கரம் சுற்றும் ப்ளோயர் அப்படியல்ல. அதற்கு உடும்புப் பிடி. அதைத்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். கூடவே, எதிர்ச் சுவரில் காற்று உள்ளே வர ஒரு பெரிய திறப்பும் போடச் சொன்னேன். "எவ்வளவு வெளிய போகுதோ அவ்வளவு உள்ள வரணும் அண்ணா. வரலைன்னா இது அறையையே உறிஞ்சும்" என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டால்தானே.

அன்று நான் பட்டறைக்குப் போனது ஃபேனுக்காக அல்ல, அண்ணன் மகளுக்காக. நாங்கள் குட்டி என்று கூப்பிடும் அவளுக்கு, வெளியூரில் மரச்சாமான் செய்யும் ஒரு பெரிய கம்பெனியில் வடிவமைப்பு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அண்ணன் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. பட்டறையின் வரைபடம் அத்தனையும் அவள் போடுவது, வாடிக்கையாளரிடம் பேசுவது அவள், ஆட்களைச் சமாதானப்படுத்துவதும் அவள். அவள் போனால் பட்டறை நொண்டும். அதைச் சொல்ல அண்ணனுக்கு வாய் வராது.

"அத்தை, நீங்க ஒரு தடவை சொல்லிப் பாருங்க. நான் வாயத் திறந்தாலே அப்பா எழுந்து போயிடறாரு" என்றாள்.

எழுந்து போக முடியாத இடத்தில் பிடிக்கலாம் என்றுதான் சாப்பாட்டு வேளையில் போனேன். இப்படி நடக்கும் என்று யார் கண்டது!

பாலிஷ் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. மூடிக்கொள்ளாமல் இருக்க இடுக்கில் ஒரு செங்கல். உள்ளே அண்ணன், அப்போதுதான் பாலிஷ் அடித்த அலமாரிக் கதவு ஒன்றைச் சாய்த்துச் சாய்த்து ரசித்துக்கொண்டிருந்தார். "வா காத்தாடி" என்றார். ஃபேன் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அதுதான் பெயர். போனை வெளியே தட்டில் வைத்துவிட்டு நுழைந்தேன். தின்னர் இருக்கும் அறைக்குள் போன் கூடாது என்பது அவர் சட்டம், நல்ல சட்டம்தான்.

"குட்டி விஷயமா பேச வந்தேன்" என்றேன்.

முற்றத்தில் ஆட்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். "ஊருக்கே கேக்கணுமா?" என்று செங்கல்லைக் காலால் எத்திவிட்டுக் கதவை இழுத்தார். பாதி தூரம் வருவதற்குள் கதவு அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு படாரென்று சாத்தியது.

ப்ளோயரின் குரல் மாறியது. அதுவரை கனமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்த அது, கீச்சென்று லேசாகச் சுற்ற ஆரம்பித்தது. காற்று கிடைக்காத ப்ளோயர் அப்படித்தான் கத்தும். எதிர்ச் சுவரைத் திரும்பிப் பார்த்தேன். நான் போடச் சொன்ன திறப்பைக் காணோம். அந்த இடத்தில் ஒட்டுப்பலகை அடித்து, ஓரமெல்லாம் சந்து தெரியாமல் மக்கு பூசி, வெள்ளை பெயின்டும் அடித்திருந்தார்.

"என்ன அண்ணா இது?"

"தூசி வந்து பாலிஷ்ல ஒட்டுச்சு. அடைச்சுட்டேன்." பெருமையாக வேறு சொன்னார்.

கதவைத் தள்ளினேன். அசையவில்லை. அது வெளிப்பக்கம் திறக்கும் கதவு. அவர் தள்ளினார், தோளால் இடித்தார், இருவரும் சேர்ந்து இடித்தோம்.

"எவன்டா பூட்டினது?" என்று கத்தினார்.

"யாரும் பூட்டல. காத்து பிடிச்சிருக்கு. ரெண்டு தடியனுங்க அந்தப் பக்கம் சாஞ்சு நிக்கிற மாதிரி. ஃபேன நிறுத்தினா திறக்கும். சுவிட்ச் எங்க?"

அண்ணன் கால்சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சத்தம் தாங்காமல் ஆட்கள் அடிக்கடி ஃபேனை நிறுத்துகிறார்கள் என்று, சுவிட்சை வெளியே இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார். சாவி அவரிடமே இருக்கிறது. எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்யமாட்டார், அதுதான் வினை.

கத்திப் பார்த்தோம். வெளியே கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது, எங்கள் குரல் எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. ஈரப் பாலிஷின் வாடை கூடிக்கொண்டே வந்தது. கண் எரிந்தது, தொண்டை கமறியது. நான் பயந்தேன். அண்ணன் என்னைவிட அதிகம் பயந்தார், நெற்றியெல்லாம் வியர்வை.

"ஃபேன் ஓடுதே. வாடைய இழுத்துடும், இல்ல?" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார்.

"எங்கேர்ந்து இழுக்கும்? உள்ள காத்து வந்தாத்தானே வெளிய போகும்? சுத்துது, அவ்வளவுதான்."

வழி எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நொடியில் எனக்கு ஒரு புத்தி வந்தது. நல்ல புத்தியா என்று கேட்காதீர்கள்.

"அண்ணா, குட்டிய அனுப்புறியா இல்லையா?"

"இதுவாடி நேரம்?"

"இப்பத்தான் நீ எழுந்து போக முடியாது."

"அனுப்புறேன்! அனுப்பித் தொலைக்கிறேன். முதல்ல கதவத் திற!"

"அந்த அலமாரிக் கதவ எடு. ஃபேன் வாய மூடணும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பைத்தியமா உனக்கு? இருக்கற ஒரு வழியையும் மூடிட்டு மூச்சு முட்டிச் சாகவா?"

"அது வழியே இல்லண்ணா. நம்மளப் பிடிச்சு வச்சிருக்கறதே அதுதான். அதோட வாய மூடினா அறைய விட்டுரும். கதவுக்கு அடியில விசில் அடிக்குது பாரு, அந்தக் காத்து உள்ள நிறைஞ்சா ரெண்டு பக்கமும் சமமாயிடும். பிடி!"

"பாலிஷ் இன்னும் காயலடி..."

உயிர் போகிற நேரத்திலும் அவருக்குப் பாலிஷ். நான் போட்ட கூச்சலில் பலகையின் மறுமுனையைப் பிடித்தார். கையெல்லாம் பிசுபிசுக்க, இடுப்பளவு உயரத்தில் இருந்த ஃபேன் வாயின் கம்பிச் சல்லடைக்கு எதிரே கொண்டுபோனோம். ஒரு சாண் தூரத்திலேயே பலகையை அது லபக்கென்று கவ்வியது. பிடிக்கவே தேவையில்லை, தானாக ஒட்டி நின்றது. காது ஒருமுறை அடைத்துத் திறந்தது. கதவடி விசில் மெல்ல மெல்லத் தணிந்தது.

"இப்ப தள்ளு" என்றேன்.

இருவரும் தோள் கொடுத்தோம். கதவு சட்டென்று விட, அண்ணன் முற்றத்தில் போய்க் குப்புற விழுந்தார்.

சாப்பாட்டுக் கையோடு ஆட்கள் ஓடி வந்தார்கள். குட்டியும் வந்தாள். எங்களைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நான் காற்றைக் குடித்தேன், குடித்துக்கொண்டே இருந்தேன். அழுகை வந்தது, அடக்கவில்லை.

அண்ணனுக்கு மூச்சு வந்ததும் கோபமும் கூடவே வந்துவிட்டது. "கதவ மூடினா இப்படி ஆகும்னு உங்கள்ல எவனுக்குடா தெரியும்?"

ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"அந்தச் செங்கல்ல யாரு வச்சது?"

"நான்தாம்பா" என்றாள் குட்டி. "தினமும் காலைல வந்ததும் வைப்பேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன். பலகை அடிச்ச அன்னைக்கே சொன்னேன். நீங்க எழுந்து போயிட்டீங்க."

இதுதான் சமயம் என்று நான் குறுக்கே விழுந்தேன். "குட்டி, அப்பா உன்ன அனுப்பறேன்னு சொல்லிட்டாரு."

"அது..." அண்ணன் சட்டையில் ஒட்டிய பாலிஷைச் சுரண்டினார். "அது உள்ள பயத்துல சொன்னது. மெதுவா பேசிக்கலாம். அடுத்த வருஷம் பாக்கலாம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைத் திரும்ப உள்ளே தள்ளிச் சாத்தியிருப்பேன். நான் வாயைத் திறப்பதற்குள் குட்டி எழுந்துவிட்டாள். முற்றத்தில் உருண்டு கிடந்த செங்கல்லை எடுத்தாள், தூசி தட்டினாள், கொண்டுவந்து அப்பாவின் இரண்டு கைகளிலும் வைத்தாள்.

"திங்கட்கிழமைலேர்ந்து இத நீங்க வைங்கப்பா" என்றாள். "மறந்துடாதீங்க. உள்ள ஆளுங்க இருப்பாங்க."

அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. போய்த் தன் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தாள். ஆட்கள் கலைந்தார்கள். அண்ணன் மட்டும் செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, கீழே போடவும் தெரியாமல், எழுந்து போகவும் தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.