மூன்றாவது பிளேட்

கியர்பாக்ஸைக் கழற்றி ஜாக்கியில் இறக்கியதுமே வாடை வந்துவிட்டது. கருகிய கிளட்சின் வாடை மூக்கில் ஏறினால் லேசில் இறங்காது. குளித்தாலும் போகாது, சாப்பாட்டிலும் அதுதான் மணக்கும். பிளேட்டை வெளியே எடுத்துப் பார்த்தேன். மேலே இருக்க வேண்டிய பூச்சு மொத்தமும் தேய்ந்துபோய் ஆணித்தலைகள் பல்லை இளித்தன. அதை அழுத்திப் பிடிக்கிற இரும்புத் தட்டு சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது. அத்தானின் ரெக்கவரி வண்டியில் எரிந்துபோன மூன்றாவது பிளேட் அது. ஒழுங்காக ஓட்டினால் வருஷக்கணக்கில் உழைக்க வேண்டிய சாமானை இந்த வண்டி பிஸ்கட் மாதிரி தின்றுகொண்டிருந்தது. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். வழியில் நின்றுபோன கார்களையும் வேன்களையும் கொக்கியில் மாட்டித் தூக்கிக்கொண்டு போய் பட்டறையில் விடுவது அவர் தொழில். அதில் பாதி வண்டி என் பட்டறைக்குத்தான் வரும். நான் கடை போட்ட புதிதில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நாலு பட்டறை இருந்தும் எல்லாவற்றையும் தாண்டி என் வாசலில் கொண்டுவந்து இறக்கியவர் அவர். அப்படிப்பட்டவரின் வண்டி முந்தின வாரம் ஒரு மேம்பால ஏற்றத்தில், பின்னால் ஒரு காரை மாட்டியபடி திணறி நின்றுவிட்டது. எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. அப்புறம் நகர்ந்தது, பின்பக்கமாக. அதற்கும் பின்னால் வந்த காரில் இருந்தவர்கள் கதவைத் திறந்துகொண்டு ஓடியிருக்கிறார்கள். எப்படியோ பிரேக் பிடித்து நிறுத்திவிட்டார். கடைசியில் தொழிலில் அவருக்குப் போட்டியாக இருக்கிற ஆளின் வண்டி வந்து இவர் வண்டியையே இழுத்துக்கொண்டு வந்து என் வாசலில் விட்டுப் போனது. அந்த ஆள் இறங்கிக் கொக்கியை அவிழ்த்தான். சிரிக்காமல் இருப்பதற்கு அவன் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

முதல் பிளேட் எரிந்தபோது சாமான் விற்ற கடைக்காரனைப் பிடித்தோம். மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று நானே போய்ச் சண்டை போட்டேன். இரண்டாவது எரிந்தபோது பழி அக்காவின் மேல் விழுந்தது. முதலில் போனில் கூப்பிடுகிறவர்களிடம் பேசுவது மட்டும்தான் அக்காவின் வேலையாக இருந்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போய்ப் போய், ஒருநாள் தானே ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கிவிட்டாள். பகல் சவாரி பாதி அவளுடையது என்று ஆயிற்று. இரண்டாவது பிளேட்டை நான் கழற்றிய அன்று, பட்டறையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் அத்தான், "இவ காலு பெடல் மேலயே குடித்தனம் நடத்துது, அப்புறம் பிளேட் என்ன பண்ணும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா சாவியை பானெட் மேல் வைத்துவிட்டு நடந்து போனாள். அதற்கப்புறம் அவள் அந்த வண்டியில் கால் வைக்கவில்லை. வீட்டில் சோறு போடுவாள், போன் எடுப்பாள், சவாரி வந்தால் எந்த இடம் என்று சொல்லுவாள். அதற்கு மேல் அவரிடம் ஒரு வார்த்தை கிடையாது.

மூன்றாவதைக் கழற்றிய அன்று அவளே பட்டறைக்கு வந்து, கழற்றிப் போட்ட டயர் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லுடா. போன பிளேட் மாட்டினதுக்கப்புறம் நான் அந்த வண்டி பக்கமே போகல. இதை யாரு தின்னாங்க?"

"இருக்கா, இன்னும் முழுசா பாக்கல."

"நீ பாக்க மாட்டே. உங்க அத்தான்னா உனக்கு உசுரு."

அது உண்மைதான். விளக்கை இழுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன்.

கிளட்ச் ஏன் வழுக்குகிறது என்று கண்டுபிடிக்க, காரணமாக இருக்க முடியாதவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வர வேண்டும். எஞ்சினின் பின்பக்க சீலில் எண்ணெய் கசிந்து பிளேட் நனைந்தால் வழுக்கும். விரலை விட்டுத் துழாவினேன். காய்ந்த தூசிதான் ஒட்டியது. பெடல் கொஞ்சம்கூட இடம் கொடுக்காமல் இறுக்கமாக இருந்தால் வழுக்கும். கழற்றுவதற்கு முன்னாலேயே கையால் அமுக்கிப் பார்த்திருந்தேன். ஒரு விரற்கடை ஆட்டம் சரியாக இருந்தது. பெடல் மிதிக்கும்போது எண்ணெயைத் தள்ளுகிற சிலிண்டர்கள் இரண்டும் சிக்காமல் போய் வந்தன. இந்த மாதிரி வண்டியில் இரும்புக் கயிற்றைச் சுற்றி இழுக்கிற வின்ச்சும் கியர்பாக்ஸில் இருந்துதான் ஓடும். மெதுவாகச் சுற்ற வேண்டும் என்பதற்காக அரை கிளட்சில் வைத்து வேலை பார்க்கிற புத்திசாலிகள் உண்டு. அத்தான் அந்த ரகம் இல்லை. அப்படிச் செய்த ஒருவனை அவர் காது கூசத் திட்டியதை நானே கேட்டிருக்கிறேன்.

மிச்சம் இருந்தது ரிலீஸ் பேரிங். பெடலை மிதிக்கும்போது மட்டும் போய் ஸ்பிரிங்கைத் தொட்டுத் தள்ளி, பிளேட்டின் பிடியைத் தளர்த்திவிட்டுத் திரும்ப வேண்டியது அது. இதன் முகம் வெந்து கறுத்திருந்தது. அது தொடுகிற ஸ்பிரிங்கின் முனைகள் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தன. வண்டி ஓடிய நேரமெல்லாம் பேரிங் தொட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது. பெடல் மேல் ஒரு கால் இருந்திருக்கிறது, கொஞ்ச நேரம் இல்லை, எப்போதும்.

அத்தான் டீ வாங்கிக்கொண்டு வந்தார். அக்காவுக்கு ஒரு கிளாஸை நீட்டினார். அவள் வாங்கி என் கையில் கொடுத்தாள்.

"என்ன மச்சான், வியாதி தெரிஞ்சுதா?"

"யாரோ கிளட்ச்ல இருந்து காலை எடுக்காமலே ஓட்டியிருக்காங்க அத்தான்."

"யாரோ என்ன யாரோ? ஓட்டினது நான் ஒருத்தன்தான்." அவர் சிரித்தார். "கியர் விழுந்ததும் என் காலு தரைக்கு வந்துடும். இது என்ன நேத்து பழகினதா? சத்தியமா சொல்றேன்டா."

அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "சத்தியத்துக்கு மட்டும் குறைச்சல் இல்ல" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

எனக்குக் குழப்பம் அங்கேதான். அத்தானுக்கு வாய் நீளம், கோபம் மூக்குக்கு மேல் வரும், ஆனால் பொய் வராது. கையில் இருக்கிற பேரிங்கும் பொய் சொல்லாது. இரண்டு பேருமே உண்மை பேசினால் நான் யாரை நம்புவது?

மறுநாள் புது பிளேட்டும் புது பேரிங்கும் போட்டு மூடினேன். மதியத்துக்கு மேல், பட்டறையில் கிடந்த ஒரு வேனைக் கொக்கியில் மாட்டி, அத்தானை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். அவர் ஓட்டுவதைப் பார்க்க எனக்கு எப்போதுமே பிடிக்கும். பின்னால் ஒரு வண்டி தொங்குகிறது என்பதே தெரியாமல் திருப்பத்தில் வளைப்பார். முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. எல்லாம் வெண்ணெயாக விழுந்தது. மூன்றாவது கியரில் வேகம் ஏறிக்கொண்டிருக்கும்போது அடியில் ஒரு மெல்லிய முனகல் கேட்டது. புது பேரிங் சுழலுகிற சத்தம். அந்த நேரத்தில் அது கேட்கவே கூடாது.

குனிந்து பார்த்தேன். அவருடைய இடது கால் பெடல் மேல் இருந்தது. மிதிக்கவில்லை. சும்மா கனத்தோடு கிடந்தது.

"காலை எடுங்க அத்தான்."

"எடுத்துட்டேனே."

"கிளட்ச்ல இருந்து எடுங்க."

"எடுத்தாச்சுடா, எத்தனை தடவை சொல்றது?" அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கள்ளம் என்பது மருந்துக்கும் இல்லை. இன்னொன்றையும் அப்போதுதான் பார்த்தேன். அந்தக் காலில் செருப்பு இல்லை. அது கழன்று சீட்டுக்கு அடியில் போயிருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை.

ஓரம் கட்டச் சொன்னேன். இடது பக்கம் காலி மனைகள், வலது பக்கம் ஒரு நீண்ட மதில். எஞ்சினை அணைத்ததும் ரொம்ப அமைதியாகிவிட்டது. அவருக்குச் சர்க்கரை இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மாத்திரை போடுகிறார், அல்லது போடுவதாகச் சொல்கிறார். காலைப் பற்றி யாரும் நினைத்ததில்லை.

"கண்ணை மூடுங்க அத்தான். ஒரு நிமிஷம். காலைத் தொடறேன், எங்கன்னு சொல்லுங்க."

"என்னடா விளையாட்டு இது?" என்றாலும் மூடிக்கொண்டார். சட்டைப் பையில் இருந்த சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவருடைய இடது பெருவிரலில் அழுத்தினேன். அடுத்த விரலில். பாதத்தின் நடுவில், கொஞ்சம் பலமாகவே.

"தொடறேன்னா தொடேன்டா. எவ்வளவு நேரம் கண்ணை மூடிட்டு இருக்கறது?" என்றார்.

வலது பாதத்தையும் தொட்டுப் பார்த்தேன். "அது தெரியுது" என்றார். கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார். கண்ணைத் திறந்து, என் கையில் இருந்ததையும் தன் இடது காலில் பதிந்திருந்த தடங்களையும் பார்த்தார். குனிந்து அந்த விரல்களைத் தானே கிள்ளினார். மறுபடி கிள்ளினார். பிரேக் பிடிப்பது வலது கால். அதுவும் யோசித்துச் சொல்கிறது.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்க அக்காகிட்ட பேரிங் மட்டம்னு சொல்லிடு."

"அத்தான்..."

"நான் டாக்டரைப் பாக்கறேன். அது வரைக்கும் குனிஞ்சு பாத்துப் பாத்துக் காலை எடுத்துக்கறேன். என்ன இப்ப?"

"நீங்க காலைப் பாத்தா ரோட்டை யாரு பாப்பாங்க?"

அவர் ஸ்டீயரிங்கில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வண்டி இல்லாம நான் என்னடா பண்ணுவேன்?" என்று கேட்டார். சண்டை போடும்போது எழும்புகிற குரல் இல்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது அக்காவைப் பெண் பார்க்க வந்து, என்னிடம் ரகசியமாக, "உங்க அக்காவுக்கு என்னைப் பிடிச்சிருக்கான்னு கேட்டுச் சொல்றியா?" என்று கேட்டாரே, அந்தக் குரல். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இறங்கி, அந்தப் பக்கம் போய்க் கதவைத் திறந்தேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் நகர்ந்து உட்கார்ந்தார். பட்டறை வரைக்கும் நான்தான் ஓட்டினேன்.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். நான் ஓட்டி வருவதைப் பார்த்ததும் அவள் புருவம் ஏறியது.

"நீ ஏன் ஓட்டிட்டு வர்றே?"

பேரிங் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. வழி முழுக்க அதைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். "நீ இல்லக்கா" என்று மட்டும் சொன்னேன்.

"அது எனக்கே தெரியும். அதை அவரு வாயால சொல்லச் சொல்லு."

அத்தான் கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கினார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"என் காலுதான்" என்றார். அக்கா இத்தனை மாதமாகச் சேர்த்துவைத்திருந்ததெல்லாம் அவள் முகத்துக்கு ஏறியது. வாயைத் திறந்தாள். அதற்குள் அவர், "பெடல் மேல இருக்கறது எனக்குத் தெரியலடி. குத்தினாக்கூடத் தெரியல" என்றார்.

அக்கா அந்தக் காலைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"எத்தனை நாளா?"

"தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்கள் மூன்று பேருக்குமே நன்றாக இருந்திருக்கும். வண்டிக்குள் எட்டி, சீட்டுக்கு அடியில் கிடந்த செருப்பை எடுத்து அவர் காலுக்குப் பக்கத்தில் போட்டாள். "நேத்து உன்னை அத்தனை பேர் முன்னால..." என்று அவர் ஆரம்பித்தார். "நேத்து இல்ல, போன மழைக்கு முன்னாடி" என்று அவள் திருத்தினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போது அவள் கையில் இருந்த போன் அடித்தது. எங்கேயோ ஒரு சரிவில் வேன் ஒன்று நின்றுவிட்டதாம், உள்ளே குழந்தைகளாம். அக்கா அவரையே பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "கல்லு வச்சு சக்கரத்தைத் தடுத்துட்டு எல்லாரும் இறங்கி நில்லுங்க. வர்றோம்" என்றாள் போனில்.

என்னிடம் கையை நீட்டினாள். நான் கொக்கியில் இருந்த வேனை அவிழ்த்துவிட்டு வந்து சாவியைக் கொடுத்தேன். அவள் ஏறி சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். எஞ்சினைக் கிளப்பினாள். கிளட்சை மிதித்து கியர் போட்டுவிட்டு, கிளம்பாமல் காத்திருந்தாள்.

அத்தான் வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கத்துக்குப் போனார். இத்தனை வருஷத்தில் அந்தக் கதவு வழியாக அவர் ஏறியதே இல்லை. எதைப் பிடித்து ஏறுவது என்று தடவிப் பார்த்தார். இடது காலைத் தூக்கிப் படியில் வைத்தார். ஏறவில்லை. குனிந்து, கால் படி மேல்தான் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்.