பன்னிரண்டாம் கேள்வி

“அவளக் கேக்கறதுக்கு இன்னா இருக்குது, முசியே? வூட்டுக்குப் பெரியவன் நான் ஒத்துக்கினேன். கையெழுத்தும் போட்டுட்டேன்,” என்றார் மணவாளன்.

பிரெஞ்சுக் கல்லூரியில் படித்ததால் ஊராருக்கு ‘முசியே’ ஆகிவிட்ட செபாஸ்டின் மறுக்கவில்லை. பாகூர்ப் பகுதிக் கைம்பெண்களைப் பற்றி 1936இல் அவன் எழுதவிருந்த ஆய்வேட்டின் திட்டத்தில், குடும்பத் தலைவரின் ஒப்பத்திற்கு இடம் இருந்தது. பெண்ணின் ஒப்பத்திற்கு இல்லை. அத்திட்டத்தைக் குறையற்றதென்று புதுச்சேரியில் அவனுடைய பேராசிரியர் பாராட்டியிருந்தார்.

மணவாளனின் தம்பி காய்ச்சலில் இறந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. தம்பி மனைவி அம்சவள்ளிக்கு வயது பத்தொன்பது. ஓராண்டுத் துக்கம் என்னும் வழக்கப்படி, நெற்குதிர் வைத்த இருட்டறையின் மூலையில் அவளை உட்கார்த்தியிருந்தார்கள். நெட்டப்பாக்கத்திலிருந்து அவளை அழைத்துப்போக இருமுறை வந்த அண்ணன் குழந்தைவேலிடம், “அவளே வர மாட்டேன்னுட்டா,” என்று மணவாளன் வாசலிலேயே சொல்லி அனுப்பியதை அவள் மூலையிலிருந்து கேட்டிருந்தாள்.

அறைக்கு வெளியே அமர்ந்து செபாஸ்டின் கேள்விகளைப் படித்தான். கதவு நிலையில் சாய்ந்து நின்று மணவாளன் விடை சொன்னார்.

“எத்தன வேள சாப்பிடறீங்கம்மா?”

“மூணு வேளையும் துன்றா. அறுப்புக்கு வர்றவங்கூட அவ்ளோ துன்ன மாட்டான்.”

பன்னிரண்டாம் கேள்வி வந்தது. “தாய்வூட்டுக்குப் போகணும்னு ஆசை இருக்குதா?”

“அவளுக்கு இந்த வூடுதான்.”

“போகணும்,” என்றாள் அம்சவள்ளி.

பென்சில் நின்றது. மணவாளன் சிரித்தார். “துக்கத்துல பெனாத்துறா. நான் சொன்னத எழுதுங்க. தெருவுல இன்னும் பதினாலு வூடு பாக்கி. நான் சொன்னாத்தான் கதவு தொறப்பானுங்க.”

செபாஸ்டின் இருட்டை நோக்கிக் குரலைத் தாழ்த்தினான். “பயப்படாதீங்கம்மா. உங்க பேரும் ஊரும் எழுத மாட்டேன். நீங்க யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது.”

“தெரியணும் ஐயா. என் பேர எழுதுங்க, ஊர எழுதுங்க. நெட்டப்பாக்கத்துல எங்க அண்ணன்கிட்ட காட்டுங்க. நான் வர மாட்டேன்னு சொல்லவே இல்ல.”

அவன் மணவாளனைப் பார்த்தான். பிறகு குனிந்து, ‘விருப்பமில்லை’ என்று எழுதினான்.

“எந்நேரத்துக்கு எழுந்திருக்கறீங்க?”

“அம்சவள்ளி.”

“என்ன வேலை செய்யறீங்க?”

“அம்சவள்ளி.”

மணவாளன் கதவைச் சாத்தித் தாழிட்டார். செபாஸ்டின் எஞ்சிய கேள்விகளுக்கு அவரிடமே விடை பெற்றுக்கொண்டு அடுத்த வீட்டிற்குச் சென்றான். உள்ளே அவள் தன் பெயரைச் சொல்வதை நிறுத்தவில்லை.

மறு ஆண்டு அவனுடைய ஆய்வேட்டிற்குப் பரிசு கிடைத்தது. எந்தப் பெண்ணின் அடையாளமும் வெளிப்படாமல் காத்த நேர்மையை நடுவர்கள் தனியே குறிப்பிட்டுப் போற்றியிருந்தார்கள்.