அரை மில்லி

கோழிக்கு ஊசி போடுவது இரண்டு பேர் வேலை. ஒருத்தி பிடிக்க வேண்டும், ஒருத்தி குத்த வேண்டும். பிடிப்பவள் கூண்டுக்குள் கையை விட்டு, இரண்டு இறக்கையையும் ஒரு கையில், காலை இன்னொரு கையில் என்று கோழியை வெளியே இழுத்து, நெஞ்சு தெரிகிற மாதிரி ஏந்திக் காட்டுவாள். பிடி சரியானதும் "ம்" என்று ஒரு சத்தம் கொடுப்பாள். அது காதில் விழுந்த பிறகுதான் குத்துபவள் ஊசித் துப்பாக்கியின் விசையை அழுத்துவாள். இதை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பண்ணையில் காலம் தள்ளியவர்கள் தாங்களாகவே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம்.

இந்தப் பண்ணையில் பதினோரு வருஷமாகக் குத்துகிறவளை மேஸ்திரியிலிருந்து தீவனம் அள்ளுகிறவர் வரை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்குப் பிடித்துக் கொடுப்பவள் அவள் நாத்தனார், புருஷனுடைய தங்கை. அந்தப் பெண் ஒருத்திக்குத்தான் அவள் நிஜமாகவே அண்ணி. மற்றவர்கள் அவள் கூப்பிடுவதைக் கேட்டுப் பழகிக்கொண்டார்கள். ஒரே வீடு, ஒரே கொட்டகை, ஒரே சாப்பாட்டுத் தூக்கு. இரண்டு பேருமாகச் சேர்ந்தால் மணிக்கு அறுநூறு கோழி பார்ப்பார்கள். பதினோரு வருஷத்தில் ஒருத்தர் கையிலும் அவள் ஊசி பட்டதில்லை. வாய்விட்டுப் பீற்றிக்கொள்ளமாட்டாள், ஆனால் அந்தப் பெருமை அவளுக்கு உள்ளுக்குள் உண்டு.

அன்றைக்கு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மூன்று நாளாகவே இல்லை. மழை வந்தபோது கொடியில் கிடந்ததில் நாத்தனார் தன் துணியை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள் என்பது அண்ணியின் வழக்கு. ஓடிப் போவதற்குள் மற்றதெல்லாம் நனைந்துவிட்டது என்பது நாத்தனாரின் வழக்கு. நடுவில் மாட்டிக்கொண்டவர் அண்ணியின் புருஷன். உப்பு வேண்டுமென்றால்கூட இவளிடம் வாங்கி அவளிடம் கொடுக்கும் தபால்காரராகிப் போனார் மனுஷர்.

கொட்டகைக்கு வந்த பிறகும் அதே வீம்பு. முதலில் வாயைத் திறப்பவள் தோற்றவள் ஆகிவிடுவாளே. அதனால் "ம்" இல்லை. நாத்தனார் நீட்டுவாள், அண்ணி குத்துவாள். இரண்டு வரிசை அப்படியே ஓடியது. கைகளுக்குத்தான் வேலை பழக்கமாயிற்றே, வாய் எதற்கு என்றுகூட அண்ணிக்குத் தோன்றியது.

மூன்றாவது வரிசையில் ஒரு கோழி காலை உதறிக்கொண்டது. நழுவிய கோழியை அமுக்கிப் பிடிக்க நாத்தனார் வலது கையை மேலே கொண்டுவந்தாள். ஆள்காட்டி விரல் கோழியின் நெஞ்சுக்கு மேலே வந்துவிட்டது. அண்ணியின் கை எப்போதும் போல இறங்கி, விசையை அழுத்தியது.

ஊசி பட்டால் கோழி துள்ளும். இந்தக் கோழி துள்ளவில்லை. அது ஏன் என்று அண்ணி நிமிர்வதற்குள் நாத்தனார் "ஸ்" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

பார்த்தால் ஒன்றுமில்லை. விரல் நடுக்கணுவில் கடுகளவு ரத்தம். வலிக்கிறதா என்று கேட்டவர்களிடம், முள் குத்தின அளவுகூட இல்லை என்றாள். எதிர் வரிசைக்காரி, இனிமேல் உனக்குக் கோழிச் சீக்கு வராது, முட்டை விட்டால் எனக்கு இரண்டு எடுத்து வை என்று கேலி செய்தாள். நாத்தனாரும் சிரித்தாள், ஆனால் அண்ணி பக்கம் திரும்பாமல். விரலை ஏப்ரனில் துடைத்துவிட்டு அடுத்த கோழியைப் பிடித்தாள்.

அண்ணிதான் கையிலிருந்த ஊசித் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விசை முழுக்க இறங்கியிருந்தது. ஒரு கோழிக்கு அரை மில்லி. அந்த அரை மில்லியும் விரலுக்குள் போயிருக்கிறது. மேலே தொங்கிய புட்டியில் பால் மாதிரி வெள்ளையாக மருந்து ஆடிக்கொண்டிருந்தது. போன மாதம் போட்டது தண்ணீர் மாதிரி இருந்தது. இது புதுசு.

அரை மணி கழித்து நாத்தனார் கையிலிருந்து ஒரு கோழி கீழே விழுந்தது. அவள் கோழியைத் தவறவிட்டு யாரும் பார்த்ததில்லை. அந்த ஒரு விரல் மட்டும் மெழுகுவத்தி மாதிரி வெளுத்து, மடக்க முடியாமல் விறைத்துக்கொண்டு நின்றது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"காட்டு" என்றாள் அண்ணி. மூன்று நாளில் அதுதான் முதல் வார்த்தை.

தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. நேராகப் போய் மருந்துப் பெட்டியைக் கவிழ்த்தாள். எட்டாக மடித்த ஒரு தாள் விழுந்தது. ஏழெட்டு மொழியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. அண்ணி எழுத்துக் கூட்டக் கற்று நாலு வருஷம்தான் ஆகிறது. வரிக்குக் கீழே விரலை ஓட்டி ஓட்டி, தன் மொழி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தாள். இதில் எண்ணெய் உள்ளது. தவறுதலாக மனிதர் உடலில் குத்திவிட்டால், மிகச் சிறிய அளவானாலும் உடனே மருத்துவரிடம் செல்லவும். இந்தத் தாளைக் கொண்டு செல்லவும். விரலை இழக்க நேரிடலாம்.

கடைசி வரியை மறுபடி படித்தாள். அதேதான் இருந்தது. தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மேஸ்திரியின் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நர்ஸ் விரலைப் பார்த்தாள், ஊசி குத்தியதா என்று கேட்டாள், ஒரு தடுப்பூசி போட்டு மாத்திரை தருகிறேன், வீட்டுக்குப் போகலாம் என்றாள். இந்தச் சின்னக் குத்துக்கு இரண்டு பேர் லீவா என்று சிரிக்கவும் செய்தாள். வெள்ளைக் கோட்டுக்காரர்கள் முன்னால் அண்ணிக்கு எப்போதும் குரல் எழும்பாது. அன்றைக்கு நர்ஸைத் தாண்டி உள்ளே போய், டாக்டரின் மேஜைமேல் தாளை விரித்து வைத்தாள்.

இளம் டாக்டர். பாதி அசட்டையாகத்தான் எடுத்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியதை அண்ணி பார்த்தாள். தன்னைவிடப் படித்தவரே பயந்துபோகிறார்.

"எவ்வளவு நேரமாச்சு?"

"ஒன்னேகால் மணி நேரம் இருக்கும்."

அவர் போனை எடுத்து சர்ஜனை உடனே வரச் சொன்னார். நாத்தனார் அதுவரைக்கும் அலட்டிக்கொள்ளாமல்தான் இருந்தாள். இப்போது விரலை இன்னொரு கையால் பொத்திக்கொண்டாள்.

"விரலை வெட்டிருவீங்களா?"

"வெட்டாம இருக்கணும்னா இப்பவே கிழிச்சு மருந்தைக் கழுவி விடணும்மா" என்றார் டாக்டர்.

உள்ளே அழைத்துப் போனார்கள். அண்ணி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. அவள் வலது கை மட்டும் மடியில் கிடந்தபடி, இல்லாத விசையைத் தானாக அழுத்திக்கொண்டிருந்தது. பார்த்துப் பயந்துபோய் அதை இடது கையால் பிடித்து வைத்தாள்.

சர்ஜன் வந்து சொன்னதில் பாதி அவளுக்கு ஏறவில்லை. விரல் நுனியிலிருந்து உள்ளங்கை வரைக்கும் திறந்தாராம். நரம்போடு ஒட்டிக்கொண்டு வெள்ளையாக மருந்து ஊறிப் போயிருந்ததாம். கழுவ முடிந்தவரை கழுவியாயிற்று. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருந்தால் விரலே போயிருக்கும். நுனி நிற்குமா என்று மூன்று நாள் கழித்துத்தான் தெரியும்.

அந்த மூன்று நாளும் அண்ணி பக்கத்திலேயே இருந்தாள். சோறு ஊட்டினாள், தலை வாரிவிட்டாள். பேச்சு மட்டும் வரவில்லை. இந்த முறை வீம்பு இல்லை.

மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள், பார்த்துவிட்டாள். விரலில் ரத்த ஓட்டம் வந்து சிவந்திருந்தது. மேல் கணு மட்டும் நகத்தோடு கன்னங்கரேல் என்று, எரிந்த திரி மாதிரி இருந்தது. அந்தக் கணுவை எடுத்துவிட வேண்டும், மற்றது தப்பித்தது என்றார் டாக்டர், நல்ல சேதி சொல்கிற குரலில். அண்ணி அப்படியே கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நாத்தனார் விரலைப் பார்க்கவில்லை. அண்ணியைத்தான் பார்த்தாள்.

"தண்ணி குடிங்க அண்ணி. என் விரலைவிட உங்க மூஞ்சிதான் மோசமா இருக்கு."

டம்ளர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அண்ணி கையை நீட்டினாள், டம்ளரைப் பிடிக்க விரல்கள் மடங்கவில்லை. நாத்தனார் கட்டிலில் இருந்தபடியே குனிந்து, இடது கையால் டம்ளரை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனாள். தண்ணீர் பாதி உள்ளே போனது, பாதி சேலையில் வழிந்தது.