மூன்றாவது கேள்வி

தையல்கடைக் கணினியில் மூன்றாவது கேள்வி வந்து நின்றபோது, அவள் சித்தியின் தோளுக்குப் பின்னால் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். இணையத்தில் நீங்கள் பார்ப்பதையெல்லாம் கவனிக்கும் துணை நிரல் ஒன்றையும் சேர்த்து நிறுவலாமா என்று கேட்டது திரை.

"என் மாமியார்கூட இவ்வளவு கேட்டதில்ல," என்றபடி சித்தி சுட்டியை நகர்த்தினாள்.

"சித்தி, அமுக்காதே!"

துணி வெட்டுவதற்கான அளவுகளைப் படமாக வரைந்து தரும், யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய திறமூல மென்பொருள் அது. எந்த மொழி, எந்த இடத்தில் வைப்பது என்று இரண்டே கேள்விகள்தான் அது கேட்கும். அவளுக்குத் தெரியாதா? அதன் பதிவிறக்கப் பக்கத்தை எழுதியவளே அவள்தான். நிரல் எழுதியவர் அண்ணன். கூடப் பிறந்தவரில்லை, முதல் வேலையில் பக்கத்து மேசைக்காரர், அண்ணா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒட்டிக்கொண்ட உறவு. முன்பெல்லாம் அந்தத் தளத்தில் எல்லா வகைக் கணினிகளுக்குமான கோப்புகள் பழையதும் புதியதுமாக, துவைக்கப் போட்ட துணி மாதிரிக் குவிந்து கிடக்கும். அவள்தான் பிரித்து அடுக்கினாள். இதே நாற்காலியில் சித்தியை உட்காரவைத்து, சுட்டி எங்கே தயங்குகிறது என்று பார்த்து, தயங்கிய இடத்திலெல்லாம் ஒரு வாக்கியம் எழுதினாள். பதற வேண்டாம், உங்கள் கணினி வழக்கமாகக் கேட்பதுதான் இது. கடைசியில் ஒன்று: இரண்டு கேள்விகளுக்கு மேல் வந்தால் நிறுத்திவிடுங்கள், அது எங்களுடையது அல்ல.

"ஏன்டி அமுக்கக்கூடாது? நீதானே ஆமாம் போடச் சொல்லியிருக்கே?"

"நான் எங்க சொன்னேன்?"

"நல்லாருக்கே கதை. நீயே வந்து படி."

பதிவிறக்கப் பக்கத்தைப் படித்தாள். மூன்றாவதாக ஒரு கேள்வி வரும். பதற வேண்டாம், ஆம் என்று சொல்லிவிடுங்கள்.

அவள் எழுதியதைப் போலவே இருந்தது. காற்புள்ளி போடும் இடம்கூட அவளுடையதுதான்.

யாரோ திருடன் புகுந்துவிட்டான் என்று நினைத்தாள். அப்படி நினைப்பதில் ஓர் ஆறுதலும் இருந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரி ஒரு நீண்ட எண் உண்டு. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். வெளியாள் கோப்பை மாற்றியிருந்தால், பக்கத்தில் முத்திரையிட்டு வைத்திருக்கும் எண்ணோடு அது ஒத்துப்போகாது. பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துச் சரிபார்த்தாள். எண் அச்சாகப் பொருந்தியது. முத்திரையும் புதிது, சரியானது. முத்திரையிடும் சாவி உலகத்தில் இரண்டு பேரிடம்தான் இருக்கிறது. அதில் ஒருத்தி இங்கே நிற்கிறாள்.

தெருவுக்கு வந்து தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணா, நம்ம பதிவிறக்கப் பக்கத்துல..."

"பாத்துட்டியா," என்றார் அவர்.

என்னம்மா ஆச்சு என்று கேட்டிருக்கலாம். பொய்க்காவது பதறியிருக்கலாம்.

"வேணாங்கிறவங்க இல்லைன்னு போட்டுட்டுப் போகட்டுமே. யாரு கையைப் பிடிச்சா?"

"ஆமாம் போடச் சொல்லி எழுதியிருக்கீங்க. அதுவும் நான் சொல்ற மாதிரியே."

"கோவப்படாதே. எத்தனை வருஷந்தான் ஓசியிலேயே உழைக்கிறது? அந்தத் துணை நிரலைச் சேக்கக் காசு குடுக்குற கம்பெனிக்காரங்க என் நிரலைத் திறந்துகூடப் பாக்கல தெரியுமா? உன் பக்கத்தைத்தான் பாத்தாங்க. இங்க வர்ற ஜனங்க சொன்னபடி கேக்குறாங்க, இப்படி ஒரு பக்கத்தைப் பாத்ததே இல்லைன்னாங்க. உனக்குப் பெருமைதானே?"

இத்தனை வருடங்களில் அவர் அவளுடைய எழுத்தைப் புகழ்ந்தது இதுதான் முதல்முறை. அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

உள்ளே வந்து மடிக்கணினியில் பக்கத்தைத் திருத்தத் திறந்தாள். இதை இறக்காதீர்கள் என்று எழுதினாள். யார் நம்புவார்கள் என்று தோன்ற, அழித்துவிட்டு இன்னும் நயமாக எழுதிப் பார்த்தாள். எப்படி எழுதினாலும் அண்ணன் எழுதியதைப் போலவே இருந்தது. எது அவளுடையது, எது அவருடையது என்று படிப்பவர் எதைக்கொண்டு கண்டுபிடிப்பார்? அதையும் அழித்தாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே? ஆமாமா, இல்லையா? நீ சொல்லு, நான் போட்டுடறேன்."

சித்தி ஒரு விரலைச் சுட்டியின்மேல் வைத்தபடி நாற்காலியைத் திருப்பியிருந்தாள். உதட்டோரத்தில் ஒரு நூல்துண்டு ஒட்டியிருந்தது. திரையை அவள் பார்க்கவே இல்லை. இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.