வேலைக்கு முந்தைய படம்

பாப்பாத்தி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

முகாமின் முதல் நாள் மாலை, கல்லூரிப் பேராசிரியர் அரங்கநாதன் சார் ஊர்க்காரர்களைப் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார வைத்துப் பேசினார். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒரு வாரம் இந்த ஊரிலேயே தங்குவார்கள், மாணவிகள் வீடுகளில் தங்கி ஊரோடு ஊராக இருப்பார்கள் என்றார். மரம் நடலாம், சுவரில் வாசகம் எழுதலாம், கண் பரிசோதனை வைக்கலாம், உங்களுக்கு எது வேண்டும் என்று கேட்டார். எல்லோரும் அவர் பின்னால் இருந்த பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் இருந்து பாப்பாத்தி எழுந்தாள்.

"அதெல்லாம் வாணாங்க சார். தார் ரோட்லேர்ந்து எங்க வூட்டுக்கு வர்ற பாத கல்லும் முள்ளுமா கெடக்குது. அத்த ஒதுக்கிக் குடுங்க. மருமவளுக்கு நாளு நெருங்கிக்கினு இருக்குது. புள்ள காலு கீழ இருக்குதாம். வலி எடுத்தா ஒடனே கொண்டாந்துடணும்னு நர்ஸம்மா சொல்லிக்கினே இருக்காங்க. ஆம்புலன்ஸு வூட்டாண்ட வந்தா போதுங்க."

சாருக்கு அது பிடித்திருந்தது. நிலைத்து நிற்கும் வேலை. அறிக்கையில் நன்றாக இருக்கும்.

மணிமொழி மற்ற மாணவிகளோடு வராந்தாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச காலமாக அவளுக்கு எல்லாக் குரல்களும் கிணற்றுக்கு மேலே யாரோ நின்று பேசுவதுபோலத்தான் கேட்டன. அவள் கிணற்றுக்குள் இருந்தாள். குளிராகவும் இல்லை, பயமாகவும் இல்லை. "இன்னாடி ஆச்சு உனக்கு?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் ஒன்றுமில்லை என்பாள். அது உண்மையும்கூட. அவள் வீடு கச்சிராயபாளையத்தில் இருந்தது. மொட்டை மாடியில் நின்றால் அணைக்கு அப்பால் கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். அந்த நீலத்துக்குள் போனால் எப்படி இருக்கும் என்று சின்ன வயதில் நினைத்ததுண்டு. இப்போது உள்ளே வந்துவிட்டாள். நீலம் எங்கும் இல்லை. இங்கிருந்து பார்த்தால் அவள் ஊர்தான் நீலமாக இருந்தது.

அவளுக்குத் தங்கக் கிடைத்தது பாப்பாத்தியின் வீடு. மருமகள் ஷாலினிக்கு ஏறக்குறைய அவள் வயதுதான். கணவன் சிவசங்கர் மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போயிருந்தான். ஊரில் இருந்த ஆண்களில் பாதிப் பேர் அப்படிப் போனவர்கள்.

"நீங்க இன்னா படிக்கிறீங்க?" என்று ஷாலினி கேட்டாள்.

"பி.ஏ. வரலாறு."

"செத்துப்போன ராஜா கதையா? இங்க உசுரோட இருக்கறவனே போன எடுக்க மாட்றான்."

பாப்பாத்தி அடுப்படியிலிருந்து, "ஏண்டி, அவன் மரத்து மேல இருப்பான். போன எடுத்தா வுழுந்துட மாட்டானா?" என்றாள்.

"நாளு முழுக்கவா, அத்த, மரத்துலயே இருக்காரு? கொரங்கா அவரு?"

இருவரும் சிரித்தார்கள். மணிமொழியும் சிரித்தாள். சிரிப்பது எளிதாக இருந்தது, வாயை மட்டும் அசைத்தால் போதும். ஷாலினி அவள் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மீது வைத்தாள். "பாருங்க, ஒதைக்குறான். மாமியாரு மேல கோவம் போல." தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று நகர்ந்து மணிமொழியின் உள்ளங்கையைத் தொட்டுவிட்டுப் போனது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. "ஆமா" என்றாள்.

பாதை வேலை அவர்கள் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. உன்னிமுள் புதர்களை வெட்டினார்கள். புதைந்து கிடந்த கற்களைக் கடப்பாரையால் நெம்பிப் பள்ளத்தில் உருட்டினார்கள். செழியன் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பேராசிரியரின் பெயர் வைத்து உருட்டினான். பாதை முடிந்த அன்று பாப்பாத்தி கைகளை விரித்துக்கொண்டு வீட்டிலிருந்து தார் ரோடு வரை நடந்து பார்த்தாள். எங்கும் விரல்கூட இடிக்கவில்லை. திரும்பி வந்து எல்லோருக்கும் குச்சிக்கிழங்கு அவித்துக் கொடுத்தாள். ஷாலினி கதவில் சாய்ந்து நின்று, "இனிமே ரோட்ல போற பஸ்ஸெல்லாம் வழி தவறி எங்க வூட்டுக்கு வந்துடப் போவுது" என்றாள்.

மறுநாள் மதியம் சாருக்குக் கல்லூரியிலிருந்து போன் வந்தது. பேசி முடித்துவிட்டுப் பிரவீன்குமாரைக் கூப்பிட்டார். முகாமின் படங்கள் எல்லாம் அவன் பொறுப்பு.

"ஆஃப்டர் போட்டோ இருக்குது. பிஃபோர் போட்டோ எங்கடா?"

பிரவீன் கேமராவைப் பார்த்தான், பிறகு செருப்பைப் பார்த்தான். "மொதல் நாளு நாம பஸ்லேர்ந்து எறங்குனத எடுத்தேன் சார். அதுக்குள்ள வெட்ட ஆரம்பிச்சிட்டாங்க."

"பிஃபோர் இல்லாம ஆஃப்டர் எப்படிடா? போன வருஷம் இதுக்குத்தானே அறிக்கைய திருப்பி அனுப்புனாங்க?"

சார் கெட்டவர் அல்ல. மாணவர்களோடு சேர்ந்து அவரும் மண் சுமந்திருந்தார், உள்ளங்கையில் கொப்புளம் இருந்தது. "வளைவுல மட்டும் போடுங்க. கல்லு கொஞ்சம், முள்ளு கொஞ்சம். படம் புடிச்சதும் எடுத்துடலாம். அர மணி நேர வேல" என்றார்.

"நான் உருட்டுன கல்லு எதுன்னு எனக்கே தெரியாதே சார்" என்றான் செழியன்.

"எந்தக் கல்லா இருந்தா இன்னாடா? கல்லு கல்லுதான்."

விளையாட்டுப்போல ஆரம்பித்தார்கள். படத்தில் நன்றாகத் தெரிய வேண்டும் என்று முன்பு கிடந்ததைவிடப் பெரிய கற்களாகப் பார்த்துக் கொண்டுவந்தார்கள். தார் ரோட்டிலிருந்து ஏறும் பாதை வளையும் இடத்தில், நான்கு பேர் சேர்ந்து ஒரு பாறையை உருட்டி நிறுத்தினார்கள். கிழங்குக் காட்டிலிருந்து வந்த பாப்பாத்தி நின்று பார்த்தாள்.

"இன்னா சாமி, மறுபடியும் போடுறீங்க?"

"படத்துக்கும்மா. எடுத்துட்டு ஒதுக்கிடுவோம்."

அவள் தலையை ஆட்டினாள். "முள்ளு பத்துமா? இன்னும் ரெண்டு கட்டு கொண்டாரட்டா?" என்றாள். கொண்டும் வந்து போட்டாள். எங்கே போட்டால் நன்றாகத் தெரியும் என்று பிரவீனிடம் கேட்டுக்கேட்டுப் போட்டாள்.

படம் எடுத்து முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. மலை மழை. பாதையிலேயே நீர் ஓடியது. எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். "காலையில மொத வேல இதான்" என்றார் சார், தலையைத் துவட்டிக்கொண்டே.

அன்று சாப்பிடும்போது ஷாலினி பாதியில் கை கழுவினாள். இடுப்பு பிடித்துக்கொள்வதுபோல இருக்கிறது என்றாள். "சூட்டு வலியா இருக்கும். வெந்நி வச்சித் தரேன்" என்றாள் பாப்பாத்தி. மணிமொழி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வளைவில் கல் இருக்கிறது என்று ஒரு எண்ணம் வந்தது. சாரிடம் போய்ச் சொன்னால் இப்போதே நாலு பேரை அனுப்புவார். பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அந்த எண்ணம் அவள் ஏற வேண்டாத ஒரு பஸ்போல முன்னால் வந்து நின்று, பிறகு போய்விட்டது.

விடியும்போது ஷாலினிக்கு வலி எடுத்தது. போன் செய்ததும் ஆம்புலன்ஸ் வந்தது. அதன் ஹாரன் கீழே, வளைவுக்குக் கீழே கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது, மேலே வரவில்லை.

மணிமொழி ஓடிப்போய்ப் பார்த்தபோது ஓட்டுநர் பாறைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். "எப்பவும் ரோட்லதான் நிப்பேன். பாத சுத்தமாயிட்ச்சின்னு சொன்னாங்களேன்னு உள்ள வந்தேன். இன்னாம்மா இது?" என்றார். பையன்கள் கடப்பாரையோடு வந்தார்கள். கற்கள் இரவெல்லாம் ஊறிச் சேற்றில் இறங்கியிருந்தன. பாறை அசையவில்லை.

கடைசியில் போர்வையை மூங்கிலில் கட்டி டோலியாக்கினார்கள். பிரவீனும் செழியனும் இன்னும் இருவரும் தூக்கினார்கள். ஷாலினி மணிமொழியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பாதை வழுக்கியது. வளைவில் கற்களின் மீது ஏறும்போது பிரவீனின் கால் மடங்கியது. டோலியைக் கீழே போடவில்லை, ஆனால் இறக்கி வைக்க வேண்டியிருந்தது. ஷாலினி ஈரக் கற்களின் நடுவில், முள்ளுக்குப் பக்கத்தில், வானத்தைப் பார்த்தபடி கிடந்தாள். "சீக்கிரம் தூக்குங்கண்ணா" என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி மணிமொழி கேட்டதில்லை. பாப்பாத்தி முள்ளைக் கையால் ஒதுக்கினாள். அவள் கொண்டுவந்து போட்ட முள்தான்.

வண்டி போனது. மாணவர்கள் கற்களை எடுக்கத் தொடங்கினார்கள். சாரும் எடுத்தார். செழியன் எந்தக் கல்லுக்கும் பெயர் வைக்கவில்லை. வெயில் ஏறும்போது பாதை மறுபடியும் சுத்தமாக இருந்தது.

மறுநாள் முகாமின் நிறைவு விழா. சால்வை, நன்றியுரை, தேசிய கீதம். மாணவர்கள் பைகளோடு பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மணிமொழி தன் பையை எடுக்கப் பாப்பாத்தியின் வீட்டுக்குப் போனாள். அவள் எடுத்து வரட்டும் என்று சாரும் பிரவீனும் வாசலில் நின்றார்கள். அந்த நேரத்தில், பிரசவமான தாய்மார்களை வீட்டில் கொண்டுவந்து விடும் வேன் பாதையில் ஏறி வந்தது. வளைவில்கூட வேகம் குறையவில்லை. வாசலுக்கு எதிரிலேயே வந்து நின்றது. அந்த வீட்டு வாசலுக்கு வந்த முதல் வண்டி அது. பிள்ளைகள் ஓடிவந்து அதன் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார்கள்.

பாப்பாத்தி முதலில் இறங்கினாள். ஒரு கையில் பிளாஸ்க், மறுகையில் துணிப்பை. பிறகு ஷாலினி இறங்கினாள். அவள் கைகளில் ஒன்றும் இல்லை. இறங்கும்போது எதைப் பிடிப்பது என்று தெரியாததுபோல அவற்றைக் கொஞ்சம் முன்னால் வைத்திருந்தாள்.

சார் ஒரு அடி முன்னால் வந்தார். பாப்பாத்தி அவரைப் பார்க்கவில்லை. பிரவீனின் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா புள்ளய காப்பாத்தியிருக்கலாம்னாங்க" என்றாள். பிறகு, "படம் புடிக்கலியா தம்பி? வண்டி வூட்டாண்ட வந்துச்சே" என்றாள்.

குத்திக் காட்டும் குரல் இல்லை அது. முள் போதுமா என்று கேட்ட அதே குரல். பிரவீன் கேமராவை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான்.

மணிமொழி ஷாலினியின் அருகில் போனாள். அவள் மணிக்கட்டில் ஷாலினியின் நகங்கள் பதிந்த இடம் கறுத்திருந்தது. ஷாலினி அதைப் பார்த்தாள்.

"வலிக்குதா?" என்று கேட்டாள்.

மணிமொழி அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். "இல்ல" என்றாள்.

"போங்க. பஸ்ஸு போயிடப் போவுது."

மூவரும் பைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாறை கிடந்த இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று மணிமொழி நினைத்தாள். நினைத்துக்கொண்டே நடந்தவள், தார் ரோடு காலில் சுட்டபோதுதான் நிமிர்ந்தாள். வளைவைக் கடந்து வந்ததே தெரியவில்லை. பாதை அவ்வளவு சுத்தமாக இருந்தது.