திரும்பி வந்த சட்டைகள்

போன சட்டைகள் ஆறாம் நாளே திரும்பி வந்துவிட்டன. நான்கு மூட்டை. வேன்காரர் அவற்றைத் தையற்கூடத்தில் உருட்டிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார்.

"கைதிங்களுக்குக் கொடுத்ததைப் பிடுங்கிட்டா வந்துட்டாங்க?" என்றாள் பக்கத்து மெஷின்காரி. அவளைக் கூடமே வாயாடி என்றுதான் கூப்பிடும்.

"மெதுவாப் பேசு தாயே," என்றார் மேஸ்திரி. "வெளிநாட்டுக் குழு ரெண்டு மாசத்துல மறுபடி வருதாம். அதுவரைக்கும் அழுக்காகக் கூடாதாம். பிஞ்சதைத் தைச்சு, துவைச்சு, இஸ்திரி போட்டு வைக்கணும். அவ்வளவுதான் நம்ம வேலை."

ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோய் ஒளித்து வைக்கிறார்கள் என்று பல நாடுகள் சேர்ந்து கேள்வி கேட்டன. பதில் இல்லையென்றால் வியாபாரத்தை நிறுத்துவோம் என்றன. அரசாங்கம் கொஞ்சம் இறங்கிவந்து, ஒரு சிறையைத் திறந்து காட்டச் சம்மதித்தது. அதற்குத்தான் ஒன்பதே நாளில் இருநூறு நீலச் சட்டை. வாயாடிக்கு அடுத்த மெஷினில் இருந்தவளும் அதில் தைத்தாள். அவள் புருஷன் பள்ளிக்கூட வாத்தியார். ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டதற்காக மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜீப்பில் ஏற்றப்பட்டவர். அவள் எழுதிய பதினான்கு கடிதங்களுக்கும் ஒரே பதில்: 'அப்படி ஒருவர் எங்கள் காவலில் இல்லை.' ஆனாலும் ஒவ்வொரு சட்டைக்கும் கை வைக்கும்போது, இது அவருக்குப் போகுமோ என்று மனசு அடித்துக்கொண்டது. குழு போனபின் பேப்பரில், கைதிகள் தூய்மையான உடையில் இருந்தார்கள் என்று வந்தது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பொய்க்கு உடுப்புத் தைத்தது தன் கைதானே.

முதல் சட்டையை எடுத்து முகத்தில் வைத்தாள். பினாயில். அடுத்ததும் பினாயில். மனுஷ வாசனையை ஒரு பொட்டு மிச்சம் வைக்கவில்லை பாவிகள்.

"என்னக்கா, மோப்பம் பிடிக்கிறியா?" என்று சிரித்த வாயாடி, சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். பிறகு எழுந்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ கிழிசலைப் பாரு. நான் பட்டனைப் பாக்குறேன்."

இரண்டாவது மூட்டையில் பாதி வந்தபோது, "இந்தா, ரெண்டாவது பட்டன் ஆடுது," என்று ஒன்றை நீட்டினாள்.

வாங்கியவளின் கை அப்படியே நின்றது.

பெரிய மனிதர்கள் முன்னால் பேச நேர்ந்தால் அவருடைய விரல் தானாக இரண்டாவது பட்டனுக்குப் போகும். திருகு திருகென்று திருகி நூலைத் தளர்த்திவிட்டு வருவார். "இது பட்டனா, பம்பரமா?" என்று இவள் கத்துவாள். "நீ தைச்சுத் தர்ற தைரியத்துலதானே திருகுறேன்," என்பார். சட்டையைக் கழற்றவும் மாட்டார். ஊசி படாமல் மோவாயைத் தூக்கிக்கொண்டு நிற்பார். அவள் தைத்து முடிக்கும்வரை அவர் மூச்சு நெற்றியில் வந்து வந்து மோதும். அதற்காகவே சில நாள் நிதானமாகத் தைத்திருக்கிறாள்.

"அவரோடதுடி," என்றாள்.

"அக்கா... இங்கயும் ஒண்ணு."

அப்புறம் இன்னொன்று. நான்கு மூட்டையும் காலியானபோது மடியில் பதினொரு சட்டை. எதிரே வெளிநாட்டார், முதுகுக்குப் பின்னால் அதிகாரிகள். நடுவில் நின்று பதினொரு பேர் பட்டனைத் திருகியிருக்கிறார்கள்.

"இதுல அண்ணனோடது எது?"

ஒவ்வொன்றாகத் தோளில் வைத்துப் பார்த்தாள். எல்லாம் ஒரே அளவு, ஒரே வெட்டு.

"தெரியலடி."

"ஒண்ணு அவரோடதா இருக்கலாம்ல?"

"இருக்கலாம்," என்றாள். மூன்று வருஷமாக 'இல்லை' என்பதையே கேட்டுக் கேட்டுப் புண்ணாகியிருந்த காதுக்கு அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது. வாய்க்குள் இன்னொரு தரம் சொல்லிக்கொண்டாள்.

ஊசியில் நூல் கோத்தாள். நாலைந்து சட்டை முடிந்தபோது மேஸ்திரி வந்து ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது, பட்டன் தொங்குது? இத்தனை வருஷம் தைச்சவ, ஒட்டித் தைக்கத் தெரியாதா?"

"விரல் நுழையணும் மேஸ்திரி. மறுபடி வந்து கேப்பாங்கல்ல. நிக்கிறவங்களுக்குப் பிடிச்சுக்க ஏதாச்சும் வேணாமா?"

மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே நின்றார்.

"நூலை ரெட்டையாப் போடு," என்றார். "அறுந்துடப் போவுது."

அவள் அடுத்த சட்டையை எடுத்தாள். ஆட்காட்டி விரலைப் பட்டனுக்கு அடியில் கொடுத்து, அதன் மேலாகவே நூலை ஓட்டி முடிச்சுப் போட்டாள். விரலை உருவிக்கொண்டபோது, அங்கே ஒரு விரல் அளவுக்கு இடம் இருந்தது.